சைலன்சர் வேலைக்கு எந்த பைப் எக்ஸ்பாண்டர்? பைப்பை அளந்து கருவியை வாங்குங்கள்

சைலன்சர் பைப்பில் ஓட்டை விழுந்தால் முழு செட்டையும் கழற்றிப் போட வேண்டியதில்லை. கெட்ட இடத்தை அறுத்தெடுத்துவிட்டு அதே அளவில் புதுத் துண்டு ஒன்றை வைத்தால் போதும். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு பைப் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. ஒன்றின் வாயை விரித்தால்தான் மற்றது உள்ளே போகும். அதன் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் வெல்டிங் மிஷின் இல்லாமலே வீட்டு வாசலில் வேலை முடிந்துவிடும். அந்த வாயை விரிக்கும் கருவிதான் பைப் எக்ஸ்பாண்டர்.

இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்டி மேல் அச்சடித்த அளவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். 38 முதல் 63 மி.மீ. வரை விரியும் என்றால் எல்லாப் பைப்புக்கும் இது ஒன்றே போதுமே என்று தோன்றும். காசு வீணாவது அங்கேதான். பைப்பை உள்ளிருந்து தள்ளும் ஒரே செட் இரும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் விரியும் கருவி எல்லா அளவிலும் வட்டமான வாயைத் தராது. உங்கள் பைப்பின் அளவு என்ன, தகடு எவ்வளவு கனம், எந்த உலோகம் என்ற மூன்றும் கையில் இருந்தால், கருவியைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்தது.

எவ்வளவு விரிய வேண்டும்?

சைலன்சர் பைப்பை வெளிவிட்டத்தை வைத்துத்தான் சொல்வார்கள். இரண்டு இஞ்ச் பைப் என்றால் வெளியே 50.8 மி.மீ. தகடு 16 கேஜ் என்றால் கனம் சுமார் 1.5 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. கழித்தால் உள்விட்டம் 47.8. இன்னொரு இரண்டு இஞ்ச் பைப் இதற்குள் தடையில்லாமல் நுழைய 0.4 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆக உள்விட்டம் 51.2 ஆக வேண்டும். விரிய வேண்டியது 3.4 மி.மீ. பட்டறைக் கணக்கில் ஒரு நூலுக்குக் கொஞ்சம் கூட.

தகடு 1.5 மி.மீ.யாக இருக்கும் வரை, பைப் சின்னதோ பெரியதோ, விரிய வேண்டியது இதே 3.4 மி.மீ.தான். ஆனால் பைப் படும் பாடு ஒன்றல்ல. இரண்டு இஞ்ச் பைப்புக்கு இது 7 சதவீத இழுப்பு. இரண்டரை இஞ்ச் பைப்புக்கு 5.6 சதவீதம். ஒன்றரை இஞ்ச் பைப்புக்கோ 9.7 சதவீதம் ஆகிவிடும். ஒரு இஞ்ச் பைப்பில் தகடு 1.2 மி.மீ.யாக மெலிந்திருந்தாலும் உள்விட்டம் 23-லிருந்து 25.8-க்குப் போக வேண்டும், 12 சதவீதம். சின்னப் பைப் சுலபம், பெரிய பைப் கஷ்டம் என்று நினைப்பது தவறு. வாய் கிழிவது சின்னப் பைப்பில்தான் அதிகம். ஒன்றேகால் இஞ்சுக்குக் கீழே இருந்தால் விரிக்காமல், வெளியே பொருந்தும் ஸ்லீவ் துண்டு ஒன்றை லேத்தில் கடைந்து போடுவது நல்லது.

அளப்பதற்கு வெர்னியர் வேண்டும், டேப் போதாது. அறுத்த முனையில் உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தரம் பாருங்கள். இரண்டுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பைப் நசுங்கியிருக்கிறது. விரிப்பதற்கு முன் அதை வட்டமாக்க வேண்டும். தகட்டுக் கனத்தை முனையில் நான்கு இடத்தில் அளந்து, மிகக் குறைவான அளவைக் கணக்கில் எடுங்கள்.

விரிப்பது எப்போதும் புதுப் பைப்பாக இருக்கட்டும். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பைப் உள்ளிருந்து துரு தின்றிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கனம் 1.5-லிருந்து 1.1-க்குக் கீழே போயிருந்தால் அந்த முனையைத் தொட வேண்டாம். இன்னும் 10 செ.மீ. தள்ளி, நல்ல தகடு வரும் இடம் வரை அறுத்துவிட்டுப் பாருங்கள்.

உலோகத்துக்கு வருவோம். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பைப்பும் அலுமினியம் பூசிய பைப்பும் நன்றாக இழுபடும். 304 ஸ்டெயின்லெஸ் அதைவிட அதிகமாகவே இழுபடும். ஆனால் இழுக்க இழுக்கக் கடினமாகிக்கொண்டே போவதால் கருவிக்கு அதிக பலம் வேண்டும். கம்பெனி சைலன்சர்களில் வரும் 409 வகை அந்த அளவுக்கு இழுபடாது. அதன் நீளவாக்கு வெல்டிங் கோட்டில் விரிசல் விழும். ஸ்டெயின்லெஸ் என்று பொதுவாகச் சொல்லி விற்பதில் எது எது என்று தெரியாவிட்டால் காந்தம் வைத்துப் பாருங்கள். 409 பிடிக்கும், 304 பிடிக்காது, அல்லது மிக லேசாகப் பிடிக்கும்.

ஜெனரேட்டர், டீசல் பம்ப் செட் போன்றவற்றின் புகைக் குழாய்க்கு நம் ஊரில் தண்ணீர்க் குழாய் போடும் வழக்கம் உண்டு. அங்கே அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், ஒன்றரை இஞ்ச் என்பது வெளிவிட்டம் அல்ல. அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இரண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப் 60.3 மி.மீ. தகடும் 3 மி.மீ. சுற்றி இருக்கும். சைலன்சர் எக்ஸ்பாண்டர் எதுவும் அந்தக் கனத்தை விரிக்காது. கருவியின் போல்ட் மரைதான் கழன்று வரும். அதற்கு மரை போட்ட சாக்கெட்டோ பிளாஞ்சோதான் வழி. ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கி விரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகப் பூச்சு ஆவியாகி, அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல வரும்.

கடையில் கிடைக்கும் வகைகள்

எக்ஸ்பாண்டர் என்று கேட்டால் கடைக்காரர் மூன்று நான்கு விதமான பொருளை எடுத்து வைப்பார். ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் லீவர் வகை மென்மையான செம்புக் குழாய்க்கு உரியது. இரும்பில் வைத்தால் அதன் தலை உடையும். உருளைகள் பதித்த நீள வகை பாய்லர் குழாயைத் தகட்டோடு இறுக்குவதற்கானது. இரண்டும் நமக்கு வேண்டாம். ஹைட்ராலிக் பம்போடு வரும் வகை சைலன்சர் கடைக்காரர்களுக்கானது. தினம் பத்து வாய் விரிக்கிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

வீட்டு வேலைக்குப் பொருந்துவது போல்ட் வகை. நடுவில் ஒரு தடித்த போல்ட், அதில் ஒன்றோ இரண்டோ கோன் (கூம்பு), அதைச் சுற்றி வட்டத்தைப் பிரித்தது போன்ற இரும்புத் துண்டுகள், அவற்றைக் கட்டிப் பிடிக்க ரப்பர் ஓ-ரிங். போல்ட்டைத் திருகினால் கோன் உள்ளே இழுபட்டு, துண்டுகள் வெளியே தள்ளப்படும். இவ்வளவுதான் அமைப்பு. நல்லதும் மட்டமும் இந்த நான்கு பாகத்தில்தான் வேறுபடும்.

துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 38-லிருந்து 63 மி.மீ.க்கு விரியும் கருவியில் விட்டம் 25 மி.மீ. கூடுகிறது, சுற்றளவு 78 மி.மீ. கூடும். அந்த 78 மி.மீ.யும் துண்டுகளுக்கு நடுவே வெறும் இடைவெளியாகத்தான் திறக்கும். மூன்று துண்டு என்றால் ஒவ்வொரு இடைவெளியும் 26 மி.மீ. ஆறு துண்டு என்றால் 13 மி.மீ. இடைவெளி வரும் இடத்தில் பைப்புக்குத் தாங்கல் இல்லை. அங்கே அது தட்டையாகி, வாய் முக்கோணமாகவோ அறுகோணமாகவோ மாறும். வெளியிலிருந்து பார்த்தால் வட்டம் போலத் தெரியலாம். இன்னொரு பைப்பை நுழைத்தால் மூன்று இடத்தில் இடிக்கும், நடுவில் புகை கசியும்.

அதோடு, ஒவ்வொரு துண்டின் வெளிவளைவும் ஏதாவது ஒரு விட்டத்துக்குத்தான் கடைந்திருக்கும். அந்த விட்டத்தைத் தாண்டி விரிய விரிய, துண்டின் நடுப்பகுதி மட்டும் பைப்பை அழுத்தி மேடு விழுத்தும். அதனால் உங்களுக்கு வேண்டிய கடைசி அளவு, கருவியின் எல்லையில் கீழ்ப்பாதிக்குள் வர வேண்டும். 51.2 வரை விரிக்க வேண்டியவருக்கு 44–63 கருவி பொருந்தும். 32–52 கருவி அந்த அளவை எட்டிவிடும் என்றாலும், எட்டும்போது துண்டுகள் முழுக்கப் பிரிந்து நிற்கும். ஒரே பெரிய கருவியைவிட, அடுத்தடுத்த அளவில் இரண்டு மூன்று சின்னக் கருவிகள் வரும் செட் மேல். மூன்று துண்டுக் கருவியை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஆறு துண்டு இருக்கட்டும்.

மூடிய நிலையில் கருவி உங்கள் பைப்புக்குள் நுழைகிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். 47.8 உள்விட்டத்துக்கு 48 மி.மீ.யில் தொடங்கும் கருவி உள்ளேயே போகாது. குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளியோடு நுழைய வேண்டும். பைப்பின் உட்புறம் வெல்டிங் கோடு மேடாக இருக்கும், அதற்கும் இடம் வேண்டும்.

அடுத்தது கோன். ஒற்றைக் கோன் உள்ள கருவியில் துண்டுகளின் ஒரு முனை மட்டும் அதிகம் தூக்கும். வாய் விளிம்பில் அகன்று உள்ளே ஒடுங்கும். அப்படி விரிந்த வாய்க்குள் பைப் முதல் ஒன்றரை செ.மீ. சுலபமாகப் போய், பிறகு நின்றுவிடும். இரண்டு முனையிலும் கோன் உள்ள கருவி துண்டுகளைச் சமமாகத் தூக்கும். கடையிலேயே சோதிக்கலாம்: கருவியைக் கையில் வைத்தபடி போல்ட்டைத் திருகி விரித்து, துண்டுகளின் முன்முனையிலும் பின்முனையிலும் விட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை மி.மீ.க்கு மேல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

துண்டின் நீளம் 45 மி.மீ.யாவது இருக்கட்டும், 50 இருந்தால் நல்லது. ஒரு பைப் மற்றதற்குள் அந்த அளவுக்கு நுழைந்தால்தான் ஜாயின்ட் ஆடாது. 25 மி.மீ. நீளத் துண்டுள்ள கருவிகள் நசுங்கிய வாயை வட்டமாக்கத்தான் லாயக்கு.

போல்ட்தான் முதலில் சாகும் பாகம். 16 மி.மீ. தடிமனுக்குக் குறையாத போல்ட், தலையில் 10.9 என்று வலிமைத் தரம் அடித்திருப்பது, அல்லது குறைந்தபட்சம் 8.8. எண்ணே இல்லாத போல்ட் என்றால் அதைத் தூக்கிப்போட்டு நல்ல போல்ட் மாற்ற முடியுமா என்று பாருங்கள். கோனில் இருக்கும் மரை சாதாரண அளவாக இருந்தால் மாற்றலாம். தலைக்குக் கீழே கடினமான வாஷரோ சின்ன த்ரஸ்ட் பேரிங்கோ இருக்க வேண்டும். பைப் வாய்ப்பக்கம் நிற்கும் முன்கோனில் ஸ்பேனர் வைத்துப் பிடிக்க இரண்டு பக்கம் தட்டையாகக் கடைந்திருந்தால் மிகவும் நல்லது. அது இல்லாத கருவி பைப்புக்குள் முழுதாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் விரியாது.

ஒரே அளவுதான் என்றால் லேத் பட்டறைக்குப் போங்கள்

உங்களிடம் ஒரே வண்டி, ஒரே அளவுப் பைப் என்றால் எக்ஸ்பாண்டர் வாங்குவதைவிட ஒரு பிளக், அதாவது பைப்புக்குள் அடித்து இறக்கி வாயை விரிக்கும் உருளை, கடைந்து வைத்துக்கொள்வது உத்தமம். பக்கத்து லேத் பட்டறையில் ஈ.என்.8 எஃகு உருளைக் கம்பி இருக்கும். இரண்டு இஞ்ச், 16 கேஜ் பைப்புக்கு இந்த அளவைச் சொல்லுங்கள்: முன்மூக்கு 47 மி.மீ. விட்டத்தில் 10 மி.மீ. நீளம், அங்கிருந்து 40 மி.மீ. நீளத்தில் 51.3 மி.மீ.க்குச் சரிவாக ஏறட்டும்; பிறகு 51.3-லேயே 45 மி.மீ. நேராக, கடைசியில் 40 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. நீள வால். வாலில் குறுக்காக 12 மி.மீ. துளை. விரித்த பைப் கருவியை எடுத்தபின் 0.1 மி.மீ. அளவில் சுருங்கும், அதற்காகத்தான் 51.2-க்குப் பதில் 51.3. ஸ்டெயின்லெஸ் என்றால் 51.4 சொல்லுங்கள்.

கிரீஸ் தடவி, 2 கிலோ சுத்தியலால் வாலில் அடித்து இறக்க வேண்டும். முழு வட்டமாக, எந்தத் தட்டையும் இல்லாமல் வாய் விரியும். எந்த போல்ட் கருவியும் இவ்வளவு சுத்தமான வாயைத் தராது. எடுப்பதற்கு வால் துளையில் கம்பியை நுழைத்து முறுக்கியபடியே பின்னோக்கித் தட்டினால் கழன்று வரும். சரிவை 40 மி.மீ.க்குக் குறைக்கச் சொன்னால் பட்டறைக்காரருக்கு வேலை மிச்சம். உங்களுக்கு பைப் மடங்கிப்போகும்.

இதை வண்டியில் மாட்டியிருக்கும் பைப்பில் செய்யக் கூடாது. அடி நேராக மஃப்ளருக்கும் (சத்தத்தைக் குறைக்கும் டப்பா) முன்பக்க கேஸ்கெட்டுக்கும் போய்ச் சேரும். கழற்றி, மரக்கட்டை மேல் நிறுத்திச் செய்யும் வேலைக்கு மட்டுமே பிளக்.

விரிக்கும் முறை

வண்டியை ஜாக்கில் தூக்கினால் ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மற்ற பாகங்களைவிட வெகுநேரம் சுடும். பெட்ரோல் டேங்குக்கு அருகே கட்டிங் வீல் பொறி பறக்கக் கூடாது. அந்த இடத்தில் ஹேக்ஸாவால் அறுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

பைப்பைச் செங்குத்தாக அறுங்கள். சாய்வாக அறுத்த வாய், விரியும்போது நீண்ட பக்கம் ஒரு மாதிரியும் குட்டைப் பக்கம் ஒரு மாதிரியும் இழுபடும். பைப் கட்டரால் அறுத்தால் விளிம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும்; அதை அரைவட்ட அரத்தால் ராவி எடுங்கள். ஹேக்ஸாவோ கட்டிங் வீலோ என்றால் பிசிறு. பிசிறைத் தேய்த்துப் போக்காமல் விரித்தால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். விளிம்பின் உள்ளும் வெளியும் விரலால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும். உட்புற வெல்டிங் கோட்டின் மேட்டையும் முதல் 50 மி.மீ.க்கு ராவிச் சமன் செய்யுங்கள்.

கோன், போல்ட் மரை, வாஷர் மூன்றுக்கும் கெட்டியான கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். இதைக் கஞ்சத்தனமாகச் செய்பவர்கள்தான் கருவியைச் சீக்கிரம் இழக்கிறார்கள். 16 மி.மீ. போல்ட்டில், அரை மீட்டர் கைப்பிடியின் முனையில் 20 கிலோ பலம் கொடுத்து இழுத்தால், மரை காய்ந்திருக்கும்போது கோனை இழுக்கும் விசை சுமார் 3 டன். அதே கையழுத்தத்துக்கு, கிரீஸ் இருந்தால் 5 டன்னை நெருங்கும். மீதி பலம் மரையைத் தேய்ப்பதில் போய்விடுகிறது. துண்டுகளின் வெளிப்புறத்திலும் லேசாகத் தடவுங்கள். இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ் பைப்பில் கீறல் விழும்.

பைப்புக்குள் விடும் முன் கருவியைக் கையில் வைத்தே ஒரு கணக்கு எடுங்கள். போல்ட்டை ஒரு முழுச் சுற்று திருகினால் துண்டுகளின் விட்டம் எவ்வளவு கூடுகிறது என்று வெர்னியரில் பாருங்கள். கோனின் சரிவையும் மரையையும் பொறுத்து இது கருவிக்குக் கருவி மாறும். சுற்றுக்கு 0.35 மி.மீ. என்றால் 3.4 மி.மீ.க்கு ஏறக்குறைய 10 சுற்று, 0.7 என்றால் 5 சுற்று. துண்டுகள் பைப்பைத் தொட்டதிலிருந்து எண்ண ஆரம்பியுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் திருகுபவர்கள் அளவு தாண்டிவிடுவார்கள். தாண்டிய வாயை மறுபடி சிறியதாக்க வீட்டில் வழி இல்லை.

கருவியைத் துண்டுகளின் முழு நீளமும் உள்ளே போகும்படி விடுங்கள். பாதி வெளியே நின்றால் விளிம்பில் மட்டும் சுமை விழுந்து கிழியும். பைப்பின் வெல்டிங் கோடு ஏதாவது ஒரு துண்டின் நடுவில் வருமாறு வைத்துத் தொடங்குங்கள். துண்டு அழுத்தும் இடத்தில் உராய்வு தகட்டைப் பிடித்துக்கொள்வதால், இழுப்பு பெரும்பகுதி இடைவெளியில்தான் நடக்கும். வெல்டிங் கோடு அங்கே மாட்டினால் அதுதான் முதலில் விடும்.

முன்கோனை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகுங்கள். 1 மி.மீ. விரிந்ததும் நிறுத்துங்கள். போல்ட்டைத் தளர்த்தி, கருவியை அரைத் துண்டு அளவு சுழற்றுங்கள். ஆறு துண்டுக் கருவியில் அது 30 டிகிரி. முன்பு இடைவெளி இருந்த இடத்தில் இப்போது துண்டின் நடுப்பகுதி வரும். மறுபடி 1 மி.மீ. இப்படி மூன்று முறை, நான்காவது முறை மீதி 0.4 மி.மீ. மட்டும். அடுத்தடுத்த முறையில் வெல்டிங் கோடு இடைவெளிக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் 1 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறோம். கடைசி முறை அளவைக் கூட்டாமல், சுழற்றி வைத்து, அதே அளவுக்கு இன்னொரு தரம் இறுக்குங்கள். வட்டம் திருந்துவது இந்தக் கடைசி இறுக்கத்தில்தான்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே நுழைய வேண்டிய பைப்பின் சின்னத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். வெர்னியர் சொல்வதைவிட அது சொல்வது நம்பகமானது. கையால் தள்ளினால் கடைசி வரை போய், ஆட்டினால் சற்றே அசைய வேண்டும். கடகடவென்று ஆடினால் கிளாம்ப் அதை இறுக்காது.

இம்பேக்ட் கன் வைத்துத் திருகலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேலை வேகமாக முடியும். ஆனால் எதிர்ப்பு கூடுவது கைக்குத் தெரியாது. ரிங் ஸ்பேனரில் இழுக்கும்போது ஒரு கட்டத்தில் திடீரென்று லேசாகிவிட்டால், பைப் கிழிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அந்த உணர்வு வேண்டும் என்பதற்காகவே கையால் திருகுங்கள்.

சூடு வைப்பது எம்.எஸ். பைப்பில் மட்டும், அதுவும் 2 மி.மீ. கனத்துக்கு மேல் என்றால் மட்டும். மங்கிய சிவப்பு வரை போதும். கருவியின் ஓ-ரிங் உருகும் என்பதால் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியால் கட்டுங்கள். அலுமினியம் பூசிய பைப்பில் சூடு வைத்தால் பூச்சு கெடும். 304-ல் வைத்தால் அந்த இடத்தில் பின்னால் துருப்பிடிக்கும்.

கருவி மாட்டிக்கொண்டால்

வேலை முடிந்து போல்ட்டைத் தளர்த்தியும் துண்டுகள் சுருங்காமல் நிற்கும். கோன் இறுகிவிட்டது. போல்ட்டை நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் நைலான் சுத்தியலாலோ கட்டை வைத்தோ ஒரு தட்டு தட்டினால் கோன் விலகும். பதற்றத்தில் போல்ட்டை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். பின்கோன் உள்ளே விழுந்து உருண்டு மஃப்ளருக்குள் போனால் அதை எடுக்க மஃப்ளரை அறுக்க வேண்டியிருக்கும். வண்டியில் மாட்டிய பைப்பில் வேலை செய்யும்போது கருவிக்குப் பின்னால் பைப்புக்குள் ஒரு பெரிய துணி உருண்டையைக் கம்பியில் கட்டி அடைத்துவையுங்கள். முடிந்ததும் கம்பியைப் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

பைப் கையில் சுற்றினால் அதை வைஸில் நேராக இறுக்காதீர்கள், முட்டையாகிவிடும். வி வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் வைத்து இறுக்குங்கள். விளிம்பில் சின்னக் கிழிசல் விழுந்துவிட்டால், அது 5 மி.மீ.க்குள் இருக்கும் பட்சத்தில் அந்த விளிம்பையே அறுத்தெறிந்துவிட்டுத் தொடரலாம்; விரித்த நீளம் அந்த அளவு குறையும், அவ்வளவுதான். 5 மி.மீ.க்கு மேல் போன பைப்பை வீணாகப் போராடாமல் மாற்றுங்கள். ஒருமுறை விரித்துக் கடினமான வாயை இன்னும் பெரியதாக்க முயல்வதும் பெரும்பாலும் கிழிசலில்தான் முடியும்.

வளைவில் விரிக்க முடியாது. முனையிலிருந்து 65 மி.மீ. தூரமாவது பைப் நேராக இருக்க வேண்டும்.

ஜாயின்ட் போடுவது

இன்ஜின் பக்கமிருந்து வரும் பைப் உள்ளே, வால் பக்கம் போகும் பைப் வெளியே. புகை ஓடும் திசையில் விளிம்பு எதிர்த்து நிற்காமல் இருந்தால் கசிவு குறையும். எந்தப் பைப்பை விரிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். பழைய பைப் வால் பக்கத்தில் நின்று, அதைத்தான் விரித்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஒரு ஜாண் நீளத்துக்குப் புதுப் பைப் எடுத்து இரண்டு முனையையும் விரித்து நடுவில் இணைப்பாகப் போடுங்கள். ஒரு முனையில் திசை மாறினாலும் துருப்பிடித்த வாயை விரிப்பதைவிட அது பத்திரம்.

கிளாம்ப் இறுக்கும்போது வெளிப்பைப் சுருங்க வேண்டும் என்பதால் விரித்த வாயில் எதிரெதிரே இரண்டு வெட்டு போடுங்கள். நீளம் 25 மி.மீ., ஹேக்ஸா பிளேடின் அகலம் போதும். வெட்டு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் நீளாது. உள்பைப் வெட்டைத் தாண்டி இன்னும் 20 மி.மீ.யாவது உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் வெட்டு வழியாகவே புகை வரும்.

யூ கிளாம்ப் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது இரண்டு பைப்பையும் சேர்த்து நெளித்துவிடும். அடுத்த முறை கழற்ற வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். அகலப் பட்டை கிளாம்ப் சுற்றிலும் சமமாக இறுக்கும், கழற்றி மாட்டலாம். இவ்வளவு கவனமாக வட்டமாக விரித்த வாயை யூ கிளாம்பால் நசுக்குவது மனதுக்கு ஒப்பவில்லை. பட்டை கிளாம்பே வாங்குங்கள்.

சைலன்சர் பேஸ்ட்டை உள்பைப்பின் வெளிப்புறத்தில் மெல்லிசாகத் தடவி நுழைத்துவிடுங்கள். சிலிக்கான் வகைப் பேஸ்ட் ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டிக்கு ஆகாது, சென்சார் பாழாகும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் முன்னால் இருக்கும் பைப்பில் இந்த வேலையே வேண்டாம். அங்கே சிறு கசிவு வந்தாலும் இன்ஜின் விளக்கு எரியும். கன்வெர்ட்டரையோ மஃப்ளரையோ எடுத்துவிட்டு வெறும் பைப் போடுவது வேறு விஷயம். அது மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும் 3 மாதம் வரை சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம்.

பேஸ்ட் காய்ந்ததும், திறந்த வெளியில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பைப் சுடுவதற்குள் சோப்புத் தண்ணீரை ஜாயின்ட்டில் ஊற்றிப் பாருங்கள். ஓரிரண்டு சின்னக் குமிழி வந்தால் பேஸ்ட் சூட்டில் இறுகும்போது அடைபடும். நுரை பொங்கினால் வாய் வட்டமாக இல்லை, அல்லது உள்பைப் போதுமான தூரம் போகவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; முன் சீட்டுக்குக் கீழே வரும் ஜாயின்ட்டை ஐயத்தோடு விட்டுவைக்கக் கூடாது, கழற்றி மறுபடி போட வேண்டும். ஜெனரேட்டர் அறைக்குள் இருக்கும் ஜாயின்ட்டுக்கும் இதே விதி.

ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறியபின் கிளாம்ப் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். கால் சுற்று, அரைச் சுற்று இறங்கும். ஒரு வாரம் கழித்து ஜாயின்ட்டைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பாண்டரை எடுத்துவைக்கும் முன் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, கோனில் கீறல் விழுந்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, புது கிரீஸ் பூசி, போல்ட்டைத் தளர்த்தி ஓ-ரிங் இழுபடாத நிலையில் வையுங்கள்.